லேண்ட் ரோவர் கிளம்பாத கதையும் லாசா சாலைப் பட்டறையும்

மலேசியாவில் பேராக் மாநிலத்தின் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுவட்டாரத்திலும் பாயிண்ட் (பிளக்கில் பொறி வருவதற்காகக் கரண்டை விட்டுவிட்டு அறுக்கும் சின்னத் தொடுமுனை) வைத்த பழைய பெட்ரோல் வண்டியை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பட்டணத்திலிருந்து லாசா போகும் பாதையில், இடது கைப்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. வாசலில் ஒரு ரம்புத்தான் மரம், அதன் அடியில் சக்கரம் இல்லாத ஒரு டிராக்டர் டிரெய்லர். அதுதான் நான் சொல்லும் பட்டறை. பொங்கலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது என் லேண்ட் ரோவரைக் கயிறு கட்டி அங்கே இழுத்துக்கொண்டு போனேன். மறுநாள் சாயங்காலம் நானே ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வண்டி 1976ஆம் ஆண்டு சீரிஸ் 3. 109 அங்குல நீள வண்டி, பின்னால் திறந்த பெட்டி. 2286 சிசி, நான்கு சிலிண்டர், பெட்ரோல். தோட்டத்தில் கழித்துவிட்ட வண்டியை ஒரு கிராணி (தோட்டக் கணக்கர்) எடுத்து வைத்திருந்தார். 2009இல் அவரிடமிருந்து 9,000 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினோம். எங்களுக்கு இரண்டரை ஏக்கர் வாழை இருக்கிறது. வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் இலை அறுத்து, ஐந்தரைக்கு ஏற்றி, ஏழு மணிக்குள் இங்கேயும் ஈப்போவிலும் உள்ள சாப்பாட்டுக் கடைகளில் இறக்கியாக வேண்டும். என் கணவர் தொழிற்சாலையில் இரவு வேலை பார்ப்பதால் வண்டி ஓட்டுவது நான்தான். மழை பெய்து மண்பாதை வழுக்கும்போது முழுப் பாரத்தோடு மேட்டில் ஏறுகிற வண்டி எங்களிடம் இது ஒன்றுதான். விற்றுவிட்டுப் புது பிக்கப் வாங்கு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு இந்த வண்டிதான் வேண்டும். அதன் ஒவ்வொரு சத்தமும் எனக்குத் தெரியும்.

தீபாவளி முடிந்த மழையில்தான் தொல்லை ஆரம்பித்தது. ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று அணைந்துவிடும். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றும், ஆனால் எஞ்சின் பிடிக்காது. பத்து நிமிஷம் கழித்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடும். டிசம்பரில் வேறொரு பட்டறைக்குக் கொண்டுபோனேன். பெயர் சொல்ல விரும்பவில்லை. அங்கே ஒருவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "பழைய வண்டிதானே, எல்லாத்தையும் மாத்திடலாம்" என்றார். புது பேட்டரி 260 வெள்ளி. பொறிக்கு வேண்டிய உயர் வோல்ட் கரண்டை உண்டாக்கும் காயில் 75. நான்கு பிளக் 48. அந்தக் கரண்டை நான்கு பிளக்குக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதற்குள் சுற்றும் ரோட்டர், பாயிண்ட், கண்டன்சர் எல்லாம் சேர்த்து 110. கூலி 90. மொத்தம் 583 வெள்ளி. கழற்றிய பழைய சாமான்களைக் கேட்டு வாங்கி ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்தேன். அப்படி வாங்கி வைத்தது எவ்வளவு நல்லது என்று பிறகுதான் தெரிந்தது.

வண்டி மூன்று வாரம் ஓடியது. முன்பைவிட மோசமாக, சூடேறியதும் நிற்க ஆரம்பித்தது. கடைசியில் பொங்கல் வாரத்தில், இலையும் மஞ்சள் கொத்தும் ஏற்றி முடித்த நிலையில், அறவே கிளம்பவில்லை. அன்று காலை மச்சான் லாரியில் சரக்கை அனுப்பினேன். டிசம்பரில் போன பட்டறைக்கே திரும்பப் போனால் இன்னும் எதை மாற்றுவார்கள் என்று யோசித்தேன். எங்கள் கோயில் தலைவர்தான் இந்தத் தகரக் கொட்டகையைச் சொன்னார்.

பட்டறைக்கார அண்ணனுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். ஒரு தோட்டத்தின் சொந்தப் பட்டறையில் 27 வருஷம் வேலை பார்த்தவர். டிராக்டர், ரப்பர் பால் லாரி, துரையின் லேண்ட் ரோவர் எல்லாம் அவர் கையில் இருந்திருக்கின்றன. பால்மரத்தை வெட்டிவிட்டுச் செம்பனை போட்டார்கள், வண்டி வேலையைக் காண்டிராக்டுக்கு விட்டார்கள், அப்புறம் இந்த இடத்தைப் பிடித்தார். லேண்ட் ரோவர் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவர் முகமே மாறிவிடும். 1948 ஏப்ரலில் அந்த வண்டி முதன்முதலாக உலகத்துக்கு வந்தது. அதே வருஷம் ஜூன் 16ஆம் தேதி இதே சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் வந்து, 1960 வரை நீடித்தது. அந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார். அவர் அப்பா அந்தக் காலத்தில் முள்வேலிக்குள் இருந்த தொழிலாளர் லயத்தில் குடியிருந்து, பெரட்டுக்கு (காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு) போய் வந்தவர். "இந்த வண்டியையும் இந்த ஊரையும் தனித்தனியா நான் பார்த்ததில்ல" என்றார்.

இனி வேலைக்கு வருகிறேன். என் வண்டியின் முறை வந்ததும் ஸ்பேனரை எடுப்பார் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. முக்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டார்.

"தங்கச்சி, ஓடும்போது நின்னுச்சே, சட்டுனு அணைஞ்சுதா, இல்ல இருமி இருமி அணைஞ்சுதா?"

"சட்டுனுதான் அண்ணே. சுவிட்சை அணைச்ச மாதிரி."

"பெட்ரோல் குறைஞ்சா இருமும். சட்டுனு அணைஞ்சா நெருப்புப் பக்கம் பாக்கணும்."

அதோடு விடவில்லை. ஒரு பிளக்கைக் கழற்றி மோந்து பார்த்தார், என்னையும் மோந்து பார்க்கச் சொன்னார். ஈரமாக இருந்தது, பெட்ரோல் வாடை அடித்தது. பெட்ரோல் வந்துசேர்கிறது, நெருப்புதான், அதாவது பிளக்கில் பொறிதான், இல்லை என்று அப்போதுதான் முடிவு செய்தார். நான்கு பிளக்கையும் கழற்றி வைத்துவிட்டு, முன் பம்பர் ஓட்டை வழியாக கிராங்க் கம்பியை நுழைத்தார். அந்தக் கம்பி பதினைந்து வருஷமாக என் வண்டிப் பெட்டியில் சும்மா கிடந்தது. பிளக் இல்லாமல் எஞ்சின் ஒரு கையால் சுற்றும் அளவுக்கு இளகிவிடும், மெதுவாகச் சுற்றி எங்கே வேண்டுமோ அங்கே நிறுத்தலாம். இதைத்தான் சோதனைக்குப் பயன்படுத்தினார்.

அடுத்து ஒரு டெஸ்ட் லைட். சின்ன 12 வோல்ட் பல்பு, ஒரு முனையில் கிளிப்பு, மறுமுனையில் ஊசி. கடையில் வாங்கினால் பத்து வெள்ளிகூட ஆகாது. கிளிப்பை எஞ்சினில் மாட்டிக்கொண்டு, சாவியைத் திறந்து, காயிலுக்கு வரும் வெள்ளை ஒயரில் ஊசியை வைத்தார். பல்பு எரிந்தது. சாவி சுவிட்சு, ஒயர், ஃபியூஸ் என்று நான் பயந்துகொண்டிருந்த ஒரு பக்கம் முழுக்க அந்த ஒரு நிமிஷத்தில் கழிந்தது. பிறகு ஊசியைக் காயிலின் மறுபக்கம், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வெள்ளை-கறுப்பு ஒயரில் வைத்துக்கொண்டு, பட்டறைப் பையனைக் கம்பியைச் சுற்றச் சொன்னார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். பாயிண்ட் மூடியிருக்கும்போது கரண்ட் அதன் வழியாக எர்த்துக்கு, அதாவது வண்டியின் இரும்பு உடம்புக்கு, போய்விடும், பல்பு அணைய வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது பல்பு எரிய வேண்டும். எஞ்சின் சுற்றச் சுற்ற அது எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து வர வேண்டும். எங்கள் பல்பு எரிந்தபடியே இருந்தது, ஒருமுறைகூட அணையவில்லை. மூடியைக் கழற்றிப் பார்த்தால் பாயிண்ட் நன்றாகத்தான் மூடித் திறக்கிறது. ஒரு விசிட்டிங் கார்டின் ஓரத்தை அதன் நடுவே விட்டு இழுத்துத் துடைத்தார். அப்போதும் அணையவில்லை. அப்புறம் ஒரு ஸ்குரூ டிரைவரின் முனையை பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகட்டிலும், அதன் தண்டை டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பிலும் சேர்த்து வைத்தார். பல்பு பொசுக்கென்று அணைந்தது.

"பாத்தியா" என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன டார்ச்சைக் காட்டினார். அந்தத் தகட்டையும் உடம்பையும் இணைக்கும் ஒரு பின்னல் ஒயர், நாலு சென்டிமீட்டர் நீளம்கூட இருக்காது, அறுந்து கிடந்தது. எஞ்சினின் காற்று உறிஞ்சல் (வேக்குவம்) இழுக்கும்போதெல்லாம் அந்தத் தகடு அசையும், ஒயரும் கூடவே வளைந்து வளைந்து இத்தனை வருஷத்தில் அறுந்திருக்கிறது. தகடு தற்செயலாக உடம்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் வண்டி ஓடும், குலுங்கித் தொடர்பு விட்டால் அணையும். நவம்பரிலிருந்து என்னை அலைக்கழித்தது இதுதான். 583 வெள்ளிக்குச் சாமான் மாற்றியவர்கள் இதே மூடியைத் திறந்து, இதே பாயிண்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், இந்த ஒயர் அவர்கள் கண்ணில் படவில்லை. சொல்லும்போது இப்போதும் வயிறு எரிகிறது.

அண்ணன் மெல்லிய செப்புப் பின்னலை வெட்டி ஈயம் வைத்து ஒட்டினார். கெட்டியான ஒயர் போட்டால் தகடு அசையாது, மறுபடி அறுந்துவிடும், அதனால் கொசகொசவென்று இளகிய ஒயராகத்தான் போட வேண்டும் என்றார். பாயிண்ட் இடைவெளியை பீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்து 0.015 அங்குலத்துக்குச் சரிசெய்தார். பல்பு இப்போது ஒழுங்காக எரிந்து அணைந்தது. பிளக்கைப் போட்டுச் சாவியைத் திருப்பினோம். எஞ்சின் பிடிக்கவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் அசரவில்லை. "முதல்ல இருந்த கோளாறு போச்சு. இப்ப ரெண்டாவதைத் தேடுவோம்" என்று சொல்லித் தேநீர் வாங்கி வரச் சொன்னார்.

குடித்துவிட்டு, காயிலிலிருந்து மூடியின் நடுவுக்குப் போகும் தடித்த ஒயரை உருவி, மரத் துணிக் கிளிப்பால் பிடித்து, அதன் முனையை எஞ்சின் இரும்புக்குப் பக்கத்தில் காட்டினார். பாயிண்டை ஒரு மரக்குச்சியால் தட்டித் திறந்தபோது பொறி சுளீரென்று தாவியது. காயில் வேலை செய்கிறது, ஆனால் பிளக்கில் பொறி இல்லை. நடுவில் இருப்பது மூடியும் ரோட்டரும்தான். இப்போது அதே ஒயர் முனையை ரோட்டரின் தலையில் இருக்கும் பித்தளைத் தகட்டுக்கு மேலே சில மில்லிமீட்டர் தூரத்தில் பிடித்துக்கொண்டு மறுபடி பாயிண்டைத் தட்டினார். ரோட்டர் நல்லதாக இருந்தால் அங்கே பொறி தாவக் கூடாது, அதற்குப் போக வழியே இல்லை. தாவியது. பித்தளையைப் பிடித்திருக்கும் ரிவெட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் மெலிந்து, கரண்ட் பிளக்குக்குப் போகாமல் நேராக நடுத்தண்டுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. டிசம்பரில் போட்ட புது ரோட்டர் அது. இப்போது சந்தையில் வரும் மலிவான ரோட்டர்களில் இது அடிக்கடி நடக்கிறதாம், அதுவும் சூடேறினால் சீக்கிரம்.

மைலோ டின்னை எடுத்துக் கொடுத்தேன். அவர் சிரித்த சிரிப்பை மறக்க மாட்டேன். பழைய ரோட்டரை எடுத்து, முனையைத் துடைத்து, அதே சோதனையைச் செய்தார். பொறி தாவவில்லை. மாட்டினார். சாவியைத் திருப்பினேன், இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. பட்டறைக்கு எதிரே நின்ற ஒரு சீனப் பெரியவர்கூடக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

இத்தோடு காசை வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை. மூன்றே வாரம் ஆன பாயிண்டின் முகம் ஏன் இப்படிக் கறுத்துப் போயிருக்கிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம். மல்டிமீட்டரை எடுத்துப் புதுக் காயிலை அளந்தார். 1.5 ஓம். டின்னில் இருந்த பழைய காயிலை அளந்தார். 3.1 ஓம். புதுசு, வழியில் கரண்டைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் உள்ள வண்டிகளுக்கான காயில். என் வண்டியில் அது கிடையாது. அந்தக் காயிலை நேராக 12 வோல்ட்டில் போட்டால் கரண்ட் இரண்டு மடங்கு இழுக்கும், காயில் கொதிக்கும், பாயிண்ட் எரியும். சூடானதும் வண்டி நின்றதற்கு இதுவும் சேர்ந்துதான் காரணம் என்றார். பழைய காயிலையே போட்டுவிட்டு, வண்டியை ராத்திரி அங்கேயே விட்டுவிட்டுப் போகச் சொன்னார். மறுநாள் பானெட்டை மூடி நாற்பது நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து, பத்து நிமிஷம் பொறுத்து, சூட்டிலேயே மறுபடி கிளப்பிப் பார்த்தார். மூன்று தடவை. அப்புறம் என்னை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து லாசா வரை வந்தார்.

கட்டணம் 80 வெள்ளி. ஒயருக்கும் ஈயத்துக்கும் காசு கேட்கவில்லை. நான் 100 கொடுத்தேன், இருபதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எனக்குப் பிடிக்காததையும் சொல்ல வேண்டும். அவர் போனை எடுப்பதே இல்லை, நேரில்தான் போக வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் பார்ப்பார். எனக்கு முன்னால் ஒரு பழைய பெட்போர்டு லாரி நின்றது, அது முடியும்வரை காலை முழுக்கக் காத்திருந்தேன். பெண்கள் போனால் உட்கார ஒழுங்கான இடம் இல்லை, கழிவறைக்குப் பக்கத்து வீட்டில்தான் கேட்க வேண்டும். இதை அவரிடமே சொன்னேன், ஒரு நாற்காலியாவது போடுகிறேன் என்றார். சாமான் எதையும் வைத்திருக்க மாட்டார், தேவைப்பட்டால் எழுதிக் கொடுப்பார், நாம்தான் ஈப்போவில் தேடி வாங்கி வர வேண்டும். ரசீது கிடையாது, ரொக்கம் மட்டும்தான். கம்ப்யூட்டர் வைத்த புது வண்டிகளைத் தொட மாட்டார். அவசரக்காரர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. வண்டியை விட்டுவிட்டு எங்கேயாவது போய்விடுபவர்களையும் அவருக்குப் பிடிக்காது, பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்பார். எனக்கு அது பிடித்திருந்தது. ஒரு நாள் வேலை கெட்டாலும், என் வண்டிக்குள் நெருப்பு எந்த வழியாகப் போகிறது என்று முதல் தடவையாக எனக்குப் புரிந்தது.

பாயிண்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் மாட்டிவிடலாமா என்று கேட்டேன். மாட்டலாம், நிறையப் பேர் மாட்டி நன்றாகத்தான் ஓட்டுகிறார்கள் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அது காட்டுப் பாதையில் செத்தால் ஒன்றும் செய்ய முடியாது, பாயிண்ட் என்றால் ஒரு சின்ன அரமும் ஸ்குரூ டிரைவரும் இருந்தால் வீடு வந்து சேரலாம் என்றார். நான் விடியற்காலையில் தனியாக ஓட்டுகிறவள். பாயிண்டிலேயே இருக்கிறேன்.

கிளம்பும்போது நாட்காட்டியில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். பாயிண்ட் 0.015. நெருப்பு வரிசை (சிலிண்டர்களில் பொறி வரும் வரிசை) 1-3-4-2, ரோட்டர் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கம் சுற்றும். காயில் 3 ஓம். அதற்குக் கீழே பெரிய எழுத்தில், எஞ்சின் ஓடாதபோது சாவியைத் திறந்து வைக்காதே, பாயிண்ட் மூடியிருந்தால் காயில் வெந்துவிடும் என்று எழுதியிருந்தார். பிளாஸ்டிக் உறையில் போட்டு வண்டிக்குள்ளேயே வைத்திருக்கிறேன். டெஸ்ட் லைட் ஒன்றும், மரத் துணிக் கிளிப்பு ஒன்றும், மைலோ டின்னும் இருக்கைக்குப் பின்னால் இருக்கின்றன.

பொங்கலுக்கு இலை எல்லாக் கடைக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இதை எழுதும்வரை நான்கு மாதமாக வண்டி ஒருநாள்கூட நிற்கவில்லை. போன மாதம் அந்தப் பக்கம் போனபோது இரண்டு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டு வந்தேன். ரம்புத்தான் மரத்தடியில் புது நாற்காலி ஒன்று கிடந்தது.

திங்கட்கிழமை அவர் திறப்பதில்லை. மற்ற நாட்களில் காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். பழைய சாமான்கள் ஏதாவது வீட்டில் கிடந்தால், எதையும் எறியாமல் கையோடு எடுத்துப் போங்கள்.